யானை ஏன் தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறது?

“பணம், பேர், ரசிகர்கள் என்று எல்லாம் கைக்குள் இருக்கும்போதே சில பிரபலங்கள் ஏன் தங்கள் பிழைப்பைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள்? திமிரா, புத்தி கெட்டுப்போகிறதா?” என்பது கேள்வி.

திமிர் என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள். காசு கண்ணை மறைத்துவிட்டது, புகழ் தலைக்கேறிவிட்டது என்பார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருடம் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்தேன். அங்கே பக்கத்திலேயே இருந்து பார்த்த ஒரு மனிதர்தான் அந்த நினைப்பை மாற்றினார். அதற்கு அப்புறம் இந்த விஷயத்தைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன். முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பெயர் வேண்டாம், அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். மதுரைப் பக்கத்துக் கோவில் திருவிழாக்களில் அவர் மைக்கைப் பிடித்தால் ஐஸ் வண்டிக்காரர்கூட மணியடிப்பதை நிறுத்திவிட்டு நிற்பார். உச்சத்துக்குப் போகும்போதும் கழுத்து நரம்பு புடைக்காது. பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுவதுபோல் பாடுவார். யாரிடமும் உட்கார்ந்து முறையாகக் கற்றவர் இல்லை. “அந்த இடத்துல எப்படிண்ணே மூச்சே விடாமப் போறீங்க?” என்று ஒருமுறை கேட்டேன். “தெரியலையே தம்பி, தானா வருது” என்றார். இந்தப் பதிலைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கல்யாணக் கச்சேரியில் அவர் பாடியதைக் கேட்ட சினிமாக்காரர் ஒருவர், சென்னைக்கு வாருங்கள், வாய்ஸ் டெஸ்ட் பார்க்கலாம் என்று கூப்பிட்டார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. வியாழக்கிழமை இரவு ஒரு கிராமத்தில் கச்சேரி. பன்னிரண்டு மணிக்கே முடித்திருக்கலாம். கமிட்டிக்காரர்கள் போதும் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன்தான் விடவில்லை. இருப்பதிலேயே உச்சத்தில் நிற்கிற பாட்டுகளாகப் பார்த்துப் பார்த்து, வரிசையாக மூன்று மணி வரைக்கும் பாடினார். இறங்கியதும் ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு பாட்டிலை எடுத்தார். அப்புறம் இன்னொன்று. விடிந்தபோது குரல் சுத்தமாக இல்லை.

வேனில் அவருக்குப் பக்கத்துச் சீட்டு எனக்கு. “என்ன தம்பி பண்றது, தொண்டை கட்டிருச்சே” என்று காற்றாக வந்த குரலில் சொன்னார். அழப்போகிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் வருத்தமே இல்லை. பரீட்சை தள்ளிப்போன பிள்ளையின் முகம் அது. வேன் மேலூர் தாண்டுவதற்குள் ஜன்னலில் தலை சாய்த்து நிம்மதியாகத் தூங்கிவிட்டார். ஏழெட்டு மாதம் கழித்து இன்னொரு முறை கூப்பிட்டார்கள். அப்போதும் இதேதான் நடந்தது. மூன்றாவது தடவை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் எங்கள் குழுவிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது: “கட்டின தொண்டையிலேயே இப்படிப் பாடுறானே, தொண்டை மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா எங்கேயோ போயிருப்பான்!” இருபது வருடம் அந்த ஒரு பேச்சிலேயே அவர் வாழ்ந்தார். வாய்ஸ் டெஸ்டுக்குப் போய்த் தோற்றிருந்தால் அந்தப் பேச்சு அவருக்குக் கிடைத்திருக்காது.

ஸ்டீவன் பெர்க்லாஸ், எட்வர்ட் ஜோன்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1978-ல் வெளியிட்ட ஒரு பரிசோதனையைப் படித்தபோது வேனில் பார்த்த அந்த முகம்தான் கண்முன் வந்தது. மாணவர்களை அழைத்து அவர்களுக்குக் கணக்குப் புதிர்போலச் சில கேள்விகள் கொடுத்தார்கள். ஒரு சாராருக்கு விடை காணக்கூடிய கேள்விகள். இன்னொரு சாராருக்குக் கொடுத்ததில் பலவற்றுக்கு விடையே கிடையாது, ஊகித்துத்தான் எழுத வேண்டும். ஆனால் இரண்டு சாராரிடமும் “பிரமாதமாகச் செய்திருக்கிறீர்கள்” என்றே சொன்னார்கள். விஷயம் இனிமேல்தான். இதேபோல இரண்டாவது தேர்வு ஒன்று உண்டு, அதற்கு முன்னால் இரண்டு மாத்திரைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றார்கள். ஒன்று மூளையைக் கூர்மையாக்கும், மற்றது மந்தமாக்கும் என்று விளக்கமும் கொடுத்தார்கள். மாத்திரை என்பது பெயருக்குத்தான். யார் எதை எடுக்கிறார்கள் என்பதுதான் சோதனை.

தன் உழைப்பால் விடை கண்டவர்கள் பெரும்பாலும் மந்த மாத்திரையின் பக்கம் போகவில்லை. ஊகித்து எழுதியும் பாராட்டு வாங்கியவர்கள்தான் அதை நாடினார்கள். குறிப்பாக ஆண்களிடம் இது தெளிவாகத் தெரிந்தது. யோசித்துப் பாருங்கள். எப்படி ஜெயித்தோம் என்றே தெரியாதவனிடம் “இன்னொரு முறை செய்து காட்டு” என்கிறார்கள். அவனுக்குள் ஒரு நடுக்கம். இந்த முறை தோற்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். மந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டால் தோற்றாலும் பழி மாத்திரை மேல் விழும். ஜெயித்துவிட்டால், மாத்திரை போட்டும் ஜெயித்தான் என்று இரட்டைப் பேர். எந்தப் பக்கம் விழுந்தாலும் ‘நான் திறமைசாலி’ என்பதில் கீறல் விழாது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் செல்ஃப் ஹேண்டிகேப்பிங். தன் காலுக்குத் தானே கட்டுப் போட்டுக்கொண்டு பந்தயத்தில் இறங்குவது என்று சொல்லலாம்.

‘தானா வருது’ என்று அண்ணன் சொன்னதில் இருந்த பயம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. தானாக வந்தது தானாகவே போய்விடவும் கூடுமல்லவா?

கலையிலும் விளையாட்டிலும் சின்ன வயதில் உச்சிக்குப் போனவர்களில் நிறையப் பேர் அந்த இரண்டாவது சாராரின் நிலையில்தான் இருக்கிறார்கள் என்பது என் எண்ணம். மூன்று படம் ஓடுகிறது. ஏன் ஓடியது? நடிப்பா, பாட்டா, அந்த வருடத்து மக்கள் மனநிலையா? தயாரிப்பாளருக்கும் தெரியாது, நடிகருக்கும் தெரியாது. சுற்றியிருப்பவர்கள் மட்டும் “எல்லாம் உங்களால்தான் சார்” என்கிறார்கள். நான்காவது படத்துக்குப் பூஜை போடும்போது அந்த மனிதருக்குள் என்ன ஓடும் என்று வெளியில் இருக்கும் நமக்குத் தெரிவதில்லை. காலை ஏழு மணி ஷூட்டிங்குக்குப் பதினொரு மணிக்கு வருவதை நாம் திமிர் என்கிறோம். சில பேருக்கு அது திமிர்தான், மறுக்கவில்லை. ஆனால் சில பேருக்கு அது மந்த மாத்திரை.

சரி, நான் ரொம்பவே படித்த ஒருவரின் கதைக்கு வருகிறேன். ஜார்ஜ் பெஸ்ட். கால்பந்து பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு 470 ஆட்டங்களில் 179 கோல் அடித்தவர். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்துத் தொழிலாளர் குடும்பம், அப்பாவுக்குக் கப்பல் கட்டும் தளத்தில் வேலை. பையன் ஒல்லிக்குச்சி. பாப் பிஷப் என்ற தேர்வாளர் அவனைத் தெருவிலும் மைதானத்திலும் பார்த்துவிட்டு, ஒரு மேதையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன் என மான்செஸ்டருக்குத் தந்தி அடித்தார். 1961-ல், 15 வயதில், இன்னொரு பையனோடு கப்பலேறி மான்செஸ்டர் வந்தான். வந்ததும் வீட்டு ஞாபகம் தாங்கவில்லை. இருவரும் உடனே திரும்பிக் கப்பலேறி ஊருக்கே ஓடிவிட்டார்கள். அப்பா பேசி, கிளப் பேசி, மறுபடி அழைத்து வந்தார்கள். ஓடினால் தேடிவந்து கூட்டிப்போவார்கள் என்பது அந்த உலகத்தில் அவன் கற்ற முதல் பாடம். இதை நான் மிகைப்படுத்துவதாகத் தோன்றலாம், ஆனால் பின்னால் நடந்ததைப் பாருங்கள்.

17 வயதில் முதல் ஆட்டம். 1966 மார்ச்சில் லிஸ்பனில் பென்ஃபிகா அணியை அதன் சொந்த மண்ணிலேயே 5-1 என்று யுனைடெட் தோற்கடித்தபோது முதல் கால்மணி நேரத்துக்குள்ளேயே இரண்டு கோல் இவர் அடித்தது. நீள முடியோடு திரும்பிவந்தவரை, பீட்டில்ஸ் என்ற நால்வர் பாட்டுக் குழுவோடு சேர்த்து, ஐந்தாவது பீட்டில் என்று பத்திரிகைகள் எழுதின. பாட்டுக்காரர்களுக்குக் கூடிய கூட்டம் ஒரு கால்பந்துக்காரருக்குக் கூடியது இங்கிலாந்துக்குப் புதிது. 1967-68 லீகில் மட்டும் 28 கோல். 1968 மே மாதம் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம், கூடுதல் நேரத்தில் இவர் கோல், கோப்பை கையில். அந்த ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் தோர் விருது. அப்போது வயது 22.

அதற்கு மேல் ஏற மேடு இல்லை. மாட் பஸ்பி 1969-ல் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து இறங்கினார். கூட ஆடிய பாபி சார்ல்டன், டெனிஸ் லா எல்லாருக்கும் வயதாகிக்கொண்டிருந்தது. புதிய அணி கட்டப்படவில்லை. 23, 24 வயதுப் பையன் தோளில் கிளப்பின் பாரம் முழுவதும் உட்கார்ந்தது.

இந்த இடத்தில் ஓர் ஆட்டத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 1970 தொடக்கத்தில், நடுவர் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்ட குற்றத்துக்காக பெஸ்டுக்கு நான்கு வாரத் தடை. தடை முடிந்து பிப்ரவரி 7-ஆம் தேதி நார்தாம்ப்டன் என்ற சின்ன அணியோடு ஆட வந்தார். ஆட்டம் 8-2. அந்த எட்டில் ஆறு கோல் இவருடையது. ஊரே கொண்டாடியது. அவர் வாழ்க்கையில் நடந்த பெரிய கேடு அந்த ஆறு கோல்தான் என்று நான் நினைக்கிறேன். நான்கு வாரம் ஒதுங்கியிருந்தேன், வந்தேன், ஆறு அடித்தேன். இனி யார் என்ன சொல்ல முடியும்? காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஓடி ஜெயித்தால் கிடைக்கும் கைத்தட்டல், கட்டில்லாமல் ஓடினால் கிடைக்காது. ஒருமுறை அந்த ருசி பட்டுவிட்டால் விடுவது கஷ்டம்.

அப்புறம் வரிசையாக நடந்தது. 1971 ஜனவரியில் லண்டனில் செல்சியோடு ஆட்டம். அணி போன ரயிலைத் தவறவிட்டார். அடுத்த ரயிலில் லண்டனுக்கும் போனார். ஆனால் மைதானத்துக்குப் போகவில்லை. ஒரு தோழியின் வீட்டில் இருந்துகொண்டார், வாசலில் நிருபர்கள் குவிந்தார்கள். ஆட்டம் மட்டும் அவர் இல்லாமல் நடந்தது. இரண்டு வாரத் தடை. மறு ஜனவரியில் ஒரு வாரம் பயிற்சிக்கே வரவில்லை. அவர் கட்டிய வீடு வேறு, பிராம்ஹால் என்ற இடத்தில், பெரிய பெரிய கண்ணாடிச் சுவர்களோடு. சுற்றுலா வருவதுபோல் ஜனங்கள் வந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். உலகமே பார்க்கிறதே என்று அஞ்சிய கூச்ச சுபாவக்காரர் கண்ணாடியில் வீடு கட்டினார் என்பதை நினைத்தால் எனக்கு மனது கனத்துப்போகும். கடைசியில் கிளப் என்ன செய்தது தெரியுமா? சிறுவயதில் வாடகைக்குத் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாவிடமே திரும்பிப் போய்த் தங்கு என்று உத்தரவு போட்டது. ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர், 25 வயது, பழைய அறைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

1972 மே மாதம் ஸ்பெயின் கடற்கரையில் இருந்தபடி, ஆட்டத்திலிருந்து ஓய்வு என்று அறிவித்தார். 26 வயதை ஒட்டிய நேரம் அது. பிறகு திரும்பி வந்தார். மறுபடி போனார். மறுபடி வந்தார். 15 வயதில் கப்பலேறி ஓடியதும் அழைத்து வரப்பட்டதும் திரும்பத் திரும்ப நடந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு முறையும் யாரோ பேசி, மன்னித்து, கூட்டி வந்தார்கள். 1974 ஜனவரி 1-ஆம் தேதி யுனைடெட்டுக்குக் கடைசி ஆட்டம், வயது 27. அந்தப் பருவ முடிவில் அணியே இரண்டாம் பிரிவுக்கு இறங்கிப்போனது. அமெரிக்கா, ஃபுல்ஹாம், எடின்பரோ என்று பிறகும் பத்து வருடம் ஆங்காங்கே ஆடினார். கூட்டமும் வந்தது. ஆனால் உச்சிக்குத் திரும்பவில்லை.

குடியை இதுவரை நான் தள்ளியே வைத்தேன், காரணத்தோடுதான். குடி அவருக்கு முதலில் மந்த மாத்திரையாக இருந்திருக்கலாம். பிறகு அது நோயாகிவிட்டது. நோயானதும் ‘ஏன் தன்னைக் கெடுத்துக்கொண்டார்’ என்ற கேள்வியே பொருந்தாது. மூச்சிரைப்புக்காரனைப் பார்த்து ஏன் இரைக்கிறாய் என்று கேட்கிற மாதிரி. அவருடைய அம்மா நடுத்தர வயது வரை குடியைத் தொடாதவர். பிறகு அதில் விழுந்து 1978-ல் அதனாலேயே இறந்தார். மகனின் புகழ் கொண்டுவந்த நெருக்கடி அதில் எவ்வளவு, ரத்தத்தில் இருந்தது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. 2002-ல் ஜார்ஜுக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகும் குடித்தார். 2005 நவம்பரில் மரணப் படுக்கையில், மஞ்சள் பூத்த முகத்தோடு தன்னைப் படமெடுத்துப் பத்திரிகையில் போடச் சொன்னார். ‘என்னைப் போல் சாகாதீர்கள்’ என்பதுதான் அதோடு அவர் சொல்லச் சொன்ன செய்தி. 25-ஆம் தேதி இறந்தார், 59 வயது. இறுதி ஊர்வலத்தன்று பெல்ஃபாஸ்ட் நகரமே தெருவில் நின்றது. ஊர் விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

இதில் நமக்கும் பங்கு உண்டு. ‘குடிச்சிட்டு வந்தே ஆறு கோல் போடுவான்’, ‘போதையிலதான் அவருக்கு வரியே விழும்’ என்று பெருமையாகச் சொல்கிறோமே, அது அந்த மனிதரின் கையில் நாமே கொடுக்கும் மாத்திரை. தினமும் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து சாதகம் செய்கிற பாடகரைப் பற்றி நமக்குக் கதை இல்லை. தொண்டை கட்டிய அண்ணனைப் பற்றித்தான் கதை இருக்கிறது.

நம் சினிமாவில் இதற்கு இன்னொரு உருவம் இருக்கிறது. ‘சொந்தப் படம் எடுத்தார்’ என்ற இரண்டே வார்த்தையில் கோடம்பாக்கத்தில் ஒருவரின் வீழ்ச்சியைச் சொல்லி முடித்துவிடுவார்கள். சாவித்திரியின் கதை எல்லாருக்கும் தெரியும். தமிழிலும் தெலுங்கிலும் முதல் வரிசையில் இருந்தவர் 1960-களின் பிற்பகுதியில் இயக்கத்துக்கும் தயாரிப்புக்கும் வந்தார். தெலுங்கில் தானே நடித்துப் பெரிய வெற்றி பெற்ற ‘மூக மனசுலு’ கதையை, சிவாஜியை வைத்து ‘பிராப்தம்’ என்று 1971-ல் தமிழில் எடுத்தார். படம் கைகொடுக்கவில்லை. சொத்து கரைந்தது. ஏற்கெனவே இருந்த குடி கூடியது. ஏறத்தாழ 19 மாதம் நினைவில்லாமல் கிடந்து 1981 டிசம்பரில் போய்ச் சேர்ந்தார். சந்திரபாபுவும் அப்படித்தான். ஆட்டம், பாட்டு, நகைச்சுவை மூன்றிலும் அவருக்கு ஈடு அன்று யாருமில்லை. 1958-ல் ‘சபாஷ் மீனா’வில் இரட்டை வேடத்தில் கலக்கியவர். எம்.ஜி.ஆரை நாயகனாக வைத்து ‘மாடி வீட்டு ஏழை’ என்ற படத்தைத் தொடங்கினார். அது பாதியிலேயே நின்றது, அவரையும் சேர்த்து முடக்கிப்போட்டது. 1974-ல் இறந்தபோது அவருக்கு 46 வயதுதான்.

இவர்கள் பேராசையால் சொந்தப் படம் எடுத்தார்கள் என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கூலிக்கு நடித்துப் புகழ் பெற்றவருக்குத் தீராத ஒரு சந்தேகம் இருக்கும்: இந்தக் கூட்டம் எனக்காக வந்ததா, பேனருக்காக வந்ததா? அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, முழுப் பாரத்தையும் தானே சுமந்து ஒரு படம் எடுப்பது. அண்ணன் சோதனைக்குப் பயந்து ஒதுங்கினார். இவர்கள் சோதனையைத் தேடிப் போய், வீடு வாசலை வைத்து ஆடினார்கள். வேர் ஒன்றுதான்: ‘நான் உண்மையிலேயே திறமைசாலியா?’ பெஸ்டும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருந்தார் என்று தோன்றுகிறது.

ஆனால் விழுந்தவர்கள் எல்லாரையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. தியாகராஜ பாகவதரைப் பாருங்கள். 1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வந்து ஓடு ஓடென்று ஓடிக்கொண்டிருந்தபோது, லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போய் 1947-ல் விடுதலை ஆவதற்குள் காலமே மாறிவிட்டது. அது வழக்கு செய்த வேலை, அவர் தலையில் அவர் போட்ட மண் அல்ல. வினோத் கன்னா 1982-ல் இந்திப் பட உலகை விட்டு ரஜனீஷிடம் அமெரிக்கா போனதையும், அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் டேவ் சாப்பெல் 2005-ல் ஐந்து கோடி டாலர் ஒப்பந்தத்தை விட்டுவிட்டுத் தென்னாப்பிரிக்காவுக்குப் பறந்ததையும் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிழைப்பைக் கெடுத்துக்கொள்வது வேறு, வேண்டாம் என்று எழுந்து போவது வேறு. இரண்டு பேருமே பிறகு திரும்பி வந்து நன்றாகவே வேலை செய்தார்கள்.

வினோத் காம்ப்ளியைப் பற்றி நம்மவர்கள் சட்டென்று தீர்ப்புச் சொல்வதும் எனக்கு நெருடும். 1988 பள்ளி ஆட்டத்தில் சச்சினோடு சேர்ந்து 664 ரன் எடுத்தபோது சச்சின் 326, காம்ப்ளி 349. இருவருக்கும் ஒரே பள்ளி, ஒரே குரு, ரமாகாந்த் அச்ரேக்கர். 1993-ல் அடுத்தடுத்த டெஸ்டுகளில் 224, 227 என்று இரண்டு இரட்டைச் சதம். 17 டெஸ்ட், சராசரி 54.20, கடைசி டெஸ்ட் 23 வயதில். ‘ஆடம்பரத்தால் அழிந்தான்’ என்பது ஊர்ப் பேச்சு. 54 சராசரி உள்ள பையனுக்கு 23 வயதோடு டெஸ்ட் கதவைச் சாத்திய தேர்வாளர்களை யாரும் கேள்வி கேட்பதில்லை. எல்லாப் பழியையும் விழுந்தவன் மேல் போடுவது வசதி, அவ்வளவுதான்.

அடுத்து, கூட இருப்பவர்கள். பெரிய நட்சத்திரத்தைச் சுற்றி டிரைவர், டச்சப், மேனேஜர், மைத்துனர் என்று முப்பது நாற்பது பேர் அவர் கையைப் பார்த்தே சாப்பிடுகிறார்கள். அவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்பவனுக்கு மறுநாள் வேலை இருக்காது. அதனால்தான் ராபர்ட் டவுனி ஜூனியரின் கதை எனக்குப் பிடிக்கும். சாப்ளினாக நடித்து ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டவர், 1996-லிருந்து போதைப் பொருள் வழக்குகளில் திரும்பத் திரும்பச் சிக்கினார், சிறைக்கும் போனார். வெளியே வந்து தொலைக்காட்சித் தொடரில் நடித்து விருது வாங்கினார். மறுபடி பிடிபட்டார், 2001-ல் அந்தத் தொடரிலிருந்தும் தூக்கினார்கள். அவரை நம்பிக் காப்பீடு கொடுக்க ஆளில்லாததால் படமும் வரவில்லை. 2003-ல் ‘கோத்திகா’ படத்துக்கு எடுத்த தயாரிப்பாளர் ஜோயல் சில்வர், சம்பளத்தில் 40 சதவீதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, படம் முடிந்தால்தான் தருவேன் என்றார்.

கொஞ்சம் கறாராகத் தெரியும். ஆனால் பெஸ்டை இருபது தடவை மன்னித்தவர்கள் செய்யாததை அந்தக் கறார் செய்தது. உன்னிடம் திறமை இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, நீ கடைசி நாள் வரை வருவாயா என்பதுதான் சந்தேகம் என்று அது சொன்னது. கேள்வி திறமையிலிருந்து வருகைக்கு மாறிவிட்டது. வருகை ‘தானாக வருவது’ இல்லை, அவர் கையில் இருப்பது. அந்த ஒரு நிபந்தனையால் மட்டும் அவர் திருந்தினார் என்று சொல்லமாட்டேன். சிகிச்சை, குடும்பம், அவருடைய பிடிவாதம் எல்லாம் சேர்ந்தது. 2008-ல் ‘அயர்ன் மேன்’. 2024-ல் ஆஸ்கர்.

அண்ணனுக்கு இப்போது அறுபது நெருங்குகிறது. குடியை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார். போன தை மாதம் பார்க்கப் போயிருந்தேன். மறுநாள் பள்ளியில் போட்டி, பெரிய நடுவர் எல்லாம் வருகிறாராம். ஒரு சிறுமி கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “மாமா, தொண்டை கட்டிருச்சு. நான் நாளைக்குப் போகலை.”

அண்ணன் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுருதிப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

“கட்டினா கட்டட்டும்மா. இப்படியே பாடு, நான் கேட்கிறேன்.”

அவள் பாடினாள். இரண்டு இடத்தில் கரகரத்தது. ஓரிடத்தில் சுருதியே விலகியது. அண்ணன் தலையாட்டவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. பாட்டு முடிந்ததும், விலகிய அந்த ஒரு வரியை மட்டும் தானே மெதுவாகப் பாடிக்காட்டினார். “மூச்சை இங்க எடுத்துக்கணும், இந்தச் சொல்லுக்கு முன்னாடி. இப்போ நீ பாடு.”